சிப் ஆலைக்கு இடம் பார்ப்பது
(பல்லடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 மார்ச்சில் வந்த தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் நம் பகுதியைப் பற்றி ஒரு அறிவிப்பு இருந்தது. சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் தொழிற்பூங்கா அமையும் என்றார்கள். அன்று முதல் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் என்னிடம் இதே கேள்விதான் வருகிறது. "ஏனுங்க, சிப் பேக்டரி எல்லாம் குஜராத்துக்கே போகுதுங்களே, நம்மூருக்கு எப்பங்க வரும்?"

கேட்பவரின் ஆதங்கம் நியாயமானது. 2024-25இல் இந்தியா ஏற்றுமதி செய்த மின்னணுப் பொருள்களில் நூற்றுக்கு 41 பங்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. அதன் மதிப்பு 1,465 கோடி டாலர். இவ்வளவு பூட்டி அனுப்புகிறோம். உள்ளே இருக்கும் சிப்போ கடல் கடந்து வருகிறது. வயிறு எரியத்தான் செய்யும்.

நான் சிப் செய்தவன் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் சாயக் கழிவுநீரோடு வாழ்ந்தவன். ஆர்.ஓ., எவாபரேட்டர், உப்பு மூட்டை, இவைதான் என் உலகம். அதனால் அந்தக் கேள்வியை நான் வேறு முனையிலிருந்து பிடிக்கிறேன். அந்த ஆலை எப்போது வரும் என்று கேட்பதற்கு முன்னால், வந்தால் நம்மிடம் என்ன கேட்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பத்திரிகையில் "சிப் ஆலை" என்று எழுதுகிறார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு தொழில்கள் இருக்கின்றன. திருப்பூர்க் கணக்கில் சொன்னால் உடனே புரியும். பனியன் தொழிலில் சாயப்பட்டறை வேறு. கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் வேறு. சிப்பிலும் அப்படியே. சிலிக்கான் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத சுற்றுகளைப் பதிப்பது ஃபேப். அங்கே தண்ணீரும் ரசாயனமும் ஓயாமல் ஓடும். பதித்து முடிந்த தகட்டை வெட்டி, கம்பி இணைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்புவது பேக்கேஜிங். முன்னது சாயப்பட்டறை, பின்னது தையல் கூடம். பேட்டர்ன் மாஸ்டர் வேலையும் ஒன்று உண்டு. அதுதான் டிசைன். அதற்கு ஒரு கட்டடமும் கணினியும் மூளையும் போதும்.

2025 ஆகஸ்ட் வரைக்கும் ஒன்றிய அரசு பத்துத் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. அவற்றில் பெரிய சிலிக்கான் ஃபேப் என்றால் குஜராத்தின் தொலேராவில் டாடாவும் தைவானின் பவர்சிப் நிறுவனமும் சேர்ந்து கட்டுவதுதான். திட்டமதிப்பு 91,000 கோடி ரூபாய், மாதம் 50,000 தகடுகள் இலக்கு. சானந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோடில் டாடா என்று நாம் கேள்விப்படும் மற்றவற்றில் பெரும்பாலானவை தையல் கூடங்கள். ஆகவே "எல்லாம் குஜராத்துக்குப் போய்விட்டது" என்னும்போது போனது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் கவலையும் மாறும், ஆசையும் மாறும்.

இனி ஃபேப் கேட்கும் பொருள்களுக்கு வருகிறேன். நான் தண்ணீர்க்காரன், தண்ணீரில்தான் தொடங்குவேன்.

ஒரு தகடு 300 மில்லிமீட்டர் அகலம், நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன்மேல் பல நூறு படிகளில் படலம் படிய வைத்து, ஒளியால் அச்சிட்டு, அமிலத்தாலும் வாயுவாலும் அரித்து, கழுவி, மறுபடி படலம் படிய வைத்து, இப்படியே மூன்று மாதம்வரை போகும். தொலேராவில் செய்யப்போகிறவற்றில் ஆக நுணுக்கமானது 28 நானோமீட்டர் நுட்பம். உங்கள் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அந்த அளவில் வேலை நடக்கும் இடத்தில் கழுவும் நீரில் ஒரு துளி உப்பு இருந்தாலும் தகடு குப்பைக்குப் போகும். நாங்கள் திருப்பூரில் ஆர்.ஓ. நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, முந்நூறுக்குக் கீழே வந்தால் கை தட்டுவோம். ஃபேப்புக்கு அது சாக்கடை. அங்கே நீரின் மின்தடைத்திறன் 18.2 மெகா ஓம்-சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தண்ணீரில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். அப்படி ஒரு லிட்டர் எடுக்க ஒரு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். பெரிய ஃபேப் ஒன்று நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் குடிக்கும்.

மழை பொய்க்கும்போது இப்படிக் குடிக்கும் ஆலையால் என்ன ஆகும் என்று தைவான் காட்டியது. 2020இல் ஒரு புயல்கூட அந்தத் தீவில் கரை ஏறவில்லை. அடுத்த ஆண்டு அரை நூற்றாண்டில் காணாத வறட்சி. அரசு என்ன செய்தது? நெல் வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்தது. விவசாயிக்கு இழப்பீடு கொடுத்து நிலத்தைத் தரிசாகப் போடச் சொன்னது. சிப் ஆலைகள் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஓடின. தைவான் அரசை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களின் சோறே அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. ஆனால் வாய்க்கால் எந்தப் பக்கம் அடைபட்டது என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே தொழிலில் வேறு விதமாக நடந்துகொண்ட ஊரும் உண்டு. ஜப்பானின் கியூஷூ தீவில் குமமோட்டோ. இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசோ எரிமலையின் அடிவாரத்து ஊர் அது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நகரத்தின் குடிநீர் முழுவதும் நிலத்தடி நீர். ஆறும் ஏரியும் குடிநீருக்கு இல்லை. எரிமலை கக்கிய மண் சல்லடை போன்றது. சிராகவா ஆற்றின் நடுப்பகுதியில் உள்ள நெல்வயல்களில் தண்ணீர் கட்டினால் அது விறுவிறுவென்று கீழே இறங்கி, நகரத்தின் அடியில் போய்ச் சேரும். நெல் விளைவிக்கிற வயலே நகரத்துக்கும் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருந்தது. காலப்போக்கில் நெல் சாகுபடி குறைந்தது, வீடுகள் பெருகின, நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது.

அங்கே சோனியின் சிப் ஆலை இருக்கிறது. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சிப் செய்யும் ஆலை. அதுவும் அதே நிலத்தடி நீரைத்தான் எடுத்தது. 2003 முதல் அந்த ஆலை, விவசாயிகளோடும் உள்ளூர் அமைப்புகளோடும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தது. நெல் இல்லாத காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்த விவசாயி ஒப்புக்கொள்வார். அதற்கான பணத்தை ஆலை கொடுக்கும். எடுத்த தண்ணீருக்கு ஈடாகத் தண்ணீர் பூமிக்குள் இறங்கும். யார் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு இறக்கினார் என்பதற்குக் கணக்கு உண்டு.

2024 பிப்ரவரி 24 அன்று தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் அதே பகுதியில் கிகுயோ என்ற சிற்றூரில் புதிய ஃபேப்பைத் திறந்தது. சோனியும் டென்சோவும் அதில் பங்குதாரர்கள். ஜப்பான் அரசு 47,600 கோடி யென் வரை மானியம் கொடுத்தது. ஏன் அந்த ஊர்? வாங்குகிற சோனி பக்கத்திலேயே இருக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சிப் தொழிலில் பழகிய கைகள் கியூஷூவில் இருக்கின்றன. தண்ணீர் இருக்கிறது, தண்ணீரைத் திருப்பித் தரும் பழக்கமும் இருக்கிறது. புதிய ஆலையும் நீரை மறுபடி பூமிக்குள் இறக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. குமமோட்டோவில் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். நிலத்தின் விலை ஏறிவிட்டது, சாலையில் நெரிசல், கழிவில் அழியாத ரசாயனம் கலக்குமோ என்ற பயம், எல்லாம் அங்கேயும் உண்டு. 2016 நிலநடுக்கத்தில் சோனி ஆலையே நின்றுபோன ஊர் அது. குறையில்லாத இடம் உலகத்தில் கிடையாது. ஆனால் அங்கே இடம் பார்த்தவர்கள் நிலத்தடி நீரைக் கணக்குப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதியிருந்தார்கள்.

நம் புத்தகத்தின் முதல் வரியைப் பாருங்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நமக்குத் தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்து வருகிறது. நம் முறை வரும்வரை வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதி வந்த கதை இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் குளங்களுக்குப் பவானித் தண்ணீர் வந்தது. திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்கு ஒன்றரை டி.எம்.சி. மட்டுமே. அதிலிருந்து ஒரு குடம்கூட ஆலைக்குத் தர முடியாது என்று நான் இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, சென்னையிலேயே இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் ஊர்ச் சாக்கடை நீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து ஆர்.ஓ.வில் விட்டு ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். மணலி, எண்ணூர் பக்கம் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மற்றொன்று. 2019இல் ஏரிகள் வறண்டு சென்னை குடத்தோடு தெருவில் நின்றது நினைவிருக்கும். அந்த நகரத்தில் ஆலைக்குச் சாக்கடையிலிருந்து நீர் எடுக்கலாம் என்றால், கோவையிலும் திருப்பூரிலும் எடுக்கலாம். ஃபேப் எந்த நீரானாலும் எப்படியும் அதைச் சுத்தம் செய்துதான் வாங்கும். ஆற்று நீரிலிருந்து தொடங்குவதா, சாக்கடை நீரிலிருந்து தொடங்குவதா என்பது செலவுக் கணக்கு. அந்தச் செலவை முதலாளி ஏற்கட்டும், குளம் ஏற்க வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். 2010 டிசம்பரில் ஜப்பானின் யோக்காயிச்சியில் தோஷிபா சிப் ஆலைக்கு வந்த மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு. நம் வீட்டு டியூப்லைட் கண்ணடித்தால் நாம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அங்கே அடுத்த இரண்டு மாதத்துக்கான சரக்கில் ஐந்தில் ஒரு பங்குவரை பாதிக்கப்படலாம் என்று நிறுவனம் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பனிப்புயல் வந்து மின்சாரம் போனபோது ஆஸ்டினில் உள்ள சாம்சங் ஆலை மறுபடி பழைய நிலைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நாம் காற்றாலை நாடு. நிறைய மின்சாரம் விளைவிக்கிறோம். ஆனால் நிறைய இருப்பது வேறு, நடுங்காமல் இருப்பது வேறு.

நடுக்கம் என்றதும் தரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தறிக்கூடத்தில் நின்று தேங்காய்த் தண்ணீரைக் குடிக்க முயன்றவர்களுக்கு அதிர்வு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தைவானின் தைனான் நகரத்தில் அறிவியல் பூங்கா வழியே அதிவேக ரயில் பாதை வந்தபோது, ரயில் போகும் அதிர்வில் சிப் ஆலை ஓடாது என்று பெரிய பிரச்சினை எழுந்தது. அதிர்வைக் குறைக்க அரசு தனியாகப் பணம் கொட்டி வேலை செய்ய வேண்டியிருந்தது. கிரஷரும் வெடிவைக்கும் கல்குவாரியும் உள்ள நம் பகுதியில் ஃபேப் கேட்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தொலேராவுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். காம்பே வளைகுடா ஓரம், உவர்மண், தாழ்ந்த நிலம். அகமதாபாத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நர்மதை நீரைக் கால்வாயில் கொண்டுவர வேண்டும். பழகிய பொறியாளர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் 920 சதுர கிலோமீட்டரில் திட்டமிட்ட தொழில் மண்டலம் தயாராக இருந்தது. அதிவேகச் சாலையும் விமான நிலையமும் கட்டப்பட்டு வந்தன. 2022இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் செமிகண்டக்டருக்கென்று கொள்கை வெளியிட்ட மாநிலம் குஜராத். நிலத்தைத் தேடி அலைய வேண்டாம், கையெழுத்துக்கு அலைய வேண்டாம். அந்தப் போட்டியில் அவர்கள் ஜெயித்தார்கள். அந்த முன்னேற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் இயற்கை கொடுத்த தகுதி அது இல்லை, பணத்தால் உருவாக்கியது. அந்த ஆலை நன்றாக ஓட வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் அதில் பாதி நம் வரிப்பணம்.

வரிப்பணத்தின் கணக்கையும் பார்ப்போம். சானந்தில் மைக்ரான் ஆலைக்கு மதிப்பு 22,516 கோடி ரூபாய். திட்டச் செலவில் ஒன்றிய அரசு 50 விழுக்காடும் குஜராத் அரசு 20 விழுக்காடும் தருகின்றன. நூற்றுக்கு எழுபது என்றால் ஏறக்குறைய 15,760 கோடி. நேரடி வேலை 5,000 பேருக்கு என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு மூன்று கோடிக்கு மேல் வருகிறது. நாட்டின் பாதுகாப்புக்காக, தொழில்நுட்பத்துக்காக இந்த விலை தேவை என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். வேலைவாய்ப்புக்காக என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பல்லடம் விசைத்தறிக்குக் கொடுத்தால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த ஆலைகளுக்காக மாநிலங்கள் அடித்துக்கொண்டதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2022இல் வேதாந்தாவும் பாக்ஸ்கானும் சேர்ந்து ஆலை தொடங்கப்போவதாக அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தின் தலேகாவ் என்று பேசிக்கொண்டிருந்தது செப்டம்பரில் குஜராத் என்று மாறியது. மும்பையில் பெரிய அரசியல் கொந்தளிப்பு. பத்து மாதம் கழித்து 2023 ஜூலையில் பாக்ஸ்கான் விலகிக்கொண்டது. ஆலை எங்கும் வரவில்லை. தொழில்நுட்பம் யாரிடம் வாங்குவது என்று முடிவாகாத ஆலைக்காக இரண்டு மாநிலம் மல்லுக்கு நின்றன. இதற்கு முன்னும் ஹைதராபாத்தில் ஃபேப் சிட்டி என்றார்கள். 2014இல் யமுனை விரைவுச்சாலை ஓரமும் குஜராத்தின் பிராந்திஜிலும் என்றார்கள். எதிலும் ஒரு தகடு வெளியே வரவில்லை.

ஆனால் நாம் ஒருமுறை சிப் செய்திருக்கிறோம். இதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 1976இல் தைவான் தன் பொறியாளர்களை அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துக்குச் சிப் தொழில் பழக அனுப்பியது. அதே காலத்தில் இந்தியா பஞ்சாபின் மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. 1984இல் மொகாலியில் உற்பத்தி ஆரம்பமானது. ஐந்து மைக்ரானில் தொடங்கி 0.8 மைக்ரான்வரை இறங்கினார்கள். டிஎஸ்எம்சி பிறந்ததே 1987இல்தான். நாம் அப்போது அவ்வளவு பின்னால் இல்லை. 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலை தீப்பிடித்து எரிந்தது. மறுபடி உற்பத்தி தொடங்க 1997 ஆனது. அந்த எட்டு ஆண்டில் உலகம் எங்கேயோ போய்விட்டது. தைவானின் சின்சு நகரத்தில் ஆராய்ச்சி நிறுவனமும் இரண்டு பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு ஆலை எரிந்தாலும் அங்கே கை பழகியவர்கள் சிதறிப் போயிருக்க மாட்டார்கள். மொகாலி தனி மரமாக நின்றது. அந்த ஆலை பிறகு விண்வெளித் துறைக்குப் போய், இன்றும் ஓடுகிறது. 2025 செப்டம்பரில் காட்டிய விக்ரம் என்ற 32 பிட் செயலி அங்கே செய்ததுதான். தீயைவிட எனக்கு வலிப்பது அதற்குப் பிந்திய எட்டு ஆண்டு மெத்தனம்.

இப்போது நான் மனதார வரவேற்கும் ஓர் இடத்தேர்வைச் சொல்கிறேன். அசாமின் ஜாகிரோடில் நகாவ் காகித ஆலை இருந்தது. பொதுத்துறை ஆலை. 2017இல் மூடினார்கள். சம்பளம் வராமல் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தவித்தன. அந்த ஆலை நின்ற நிலத்தில்தான் 27,000 கோடியில் டாடாவின் பேக்கேஜிங் ஆலை எழுகிறது. நாளுக்கு 4.8 கோடி சிப் இலக்கு. புதிதாக வயலை எடுக்கவில்லை. ரயில் இருக்கிறது. வேலை தேடி பெங்களூருக்கும் நம் திருப்பூருக்கும் ரயிலேறும் அசாம் பிள்ளைகள் சொந்த ஊரில் வேலை பார்க்கலாம். நிலநடுக்கம் வரும் பகுதிதான். ஆனால் தையல் கூடம் சாயப்பட்டறை அளவுக்குத் தரையிடம் கெஞ்சாது. எந்த வேலை எந்த மண்ணுக்கு என்று பார்த்துச் செய்த தேர்வு என்று இதைச் சொல்வேன்.

மலேசியாவின் பினாங்கும் தையல் கூடத்தில் தொடங்கித்தான் ஏறி வந்தது. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே போட்டபோது அது வெறும் பூட்டும் கூடம். இன்று உலகச் சிப் பேக்கேஜிங், சோதனை வேலையில் நூற்றுக்கு 13 பங்கு மலேசியாவுடையது.

இனி நான் பேசத் தயங்கும் பகுதி, ஆனால் பேசாமல் போக முடியாது. சிப் தொழிலைச் சுத்தமான தொழில் என்கிறார்கள். வெள்ளை உடுப்பும் கண்ணாடிக் கூடமும் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சுத்தம் தகட்டுக்கானது. உள்ளே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் எலும்புவரை போகும். ஆர்சைன் வாயு இருக்கிறது. இம்மி அளவு போதும் ஆளைக் கொல்ல. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம், உலகமே சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று கொண்டாடும் இடம், அங்கே அமெரிக்க அரசு கொடிய மாசுத் தலங்களாக அறிவித்தவை 23. அந்த நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இல்லை. ஆலைகளின் நிலத்தடித் தொட்டிகள் கசிந்து குடிநீரில் கலந்தன. தென் கொரியாவில் சாம்சங்கின் சிப் ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம்பெண் 2007இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அவளுடைய தகப்பனாரும் மற்றத் தொழிலாளர் குடும்பங்களும் பத்து ஆண்டுக்கு மேல் போராடிய பிறகு, 2018இல் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

இதை நான் நொய்யல் ஆற்றை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்கென்று திறந்தார்கள். சில ஆண்டுகளில் அது சாயக் கழிவின் தொட்டியானது. கீழே இருந்த தென்னை கருகியது, கிணறு நுரைத்தது, மாடு குடிக்க மறுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் என்பது காகிதத்திலிருந்து குழாய்க்கு வந்தது. நான் அந்தக் குழாய்களின் பக்கத்தில் இரவும் பகலும் நின்றவன். திருப்பூரால் முடிந்தது என்று பெருமையாகச் சொல்வேன். ஆனால் கடைசியில் மிஞ்சும் கலவை உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் தலைமுறை நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை. மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்தோம். ஆறு செத்த பிறகு கணக்குப் போட்டோம், அதனால்தான் அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

சூலூர்ப் பெரிய குளமும் நொய்யலைச் சேர்ந்தது. அங்கேயும் இங்கேயும் வரப்போகும் பூங்காவில் என்ன வரலாம் என்பதில் எனக்கு ஒரு தெளிவான எண்ணம் இருக்கிறது. ஃபேப் வேண்டாம். சாயப்பட்டறையை இன்னொரு பெயரில் நொய்யல் படுகைக்குள் கூட்டிவரக் கூடாது. கோவைக்குப் பொருத்தமானது இயந்திரம். நெதர்லாந்தின் வெல்தோவன் என்ற சிற்றூரில் இருக்கும் ஏஎஸ்எம்எல் ஒரு சிப்கூடச் செய்து விற்பதில்லை. ஆனால் அது செய்யும் அச்சு இயந்திரம் இல்லாமல் உலகத்தின் உயர்ந்த சிப் ஒன்றும் பிறக்காது. அதன் கண்ணாடிகள் ஜெர்மனியின் ஓபர்கோஹன் என்ற இன்னொரு சிற்றூரில் சைஸ் நிறுவனம் தேய்ப்பவை. தலைமுறை தலைமுறையாகக் கை பழகிய ஊர்கள் அவை. நமக்கும் பவுண்டரி இருக்கிறது, பம்ப் இருக்கிறது, லேத்தில் மைக்ரான் பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வெற்றிட அறை, வால்வு, பம்ப், குழாய் இணைப்பு, சுத்தக்கூடத்தின் பாகங்கள் என்று ஒரு ஃபேப்புக்குத் தேவையான இயந்திரச் சாமான் ஆயிரம். தொலேராவுக்கும் ஜாகிரோடுக்கும் அவற்றை நாம் செய்து அனுப்பலாம். தமிழ்நாடு அரசின் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு ஒதுக்கியது 500 கோடி. ஃபேப்புக்கு அது அஸ்திவாரத்துக்கும் காணாது. டிசைனுக்கும் இயந்திரத்துக்கும் பயிற்சிக்கும் அது நல்ல தொகை. சென்னை ஐஐடியின் சக்தி செயலியை வடிவமைத்தவர்கள் நம் பிள்ளைகள்தான். மூளை வேலை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அரசு வேறு விதமாக முடிவு செய்யலாம். நாளைக்குப் பூங்காவுக்குள் ஃபேப் மாதிரி ஈர வேலை செய்யும் ஆலையே வரலாம். அப்போது கதவை அடைக்கச் சொல்லி நான் கூப்பிட மாட்டேன். வேலை தேடும் பிள்ளைகள் என் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் ஊர் மூன்று காகிதம் கேட்டு வாங்க வேண்டும். எந்தத் தண்ணீர், நாளுக்கு எத்தனை லிட்டர், வறட்சியில் யாருக்கு முதலில் நிற்கும் என்று எழுதிய ஒரு காகிதம். உள்ளே வரும் ரசாயனத்தின் பெயர்ப் பட்டியலும், கழிவும் உப்பும் கடைசியாக எந்த இடத்தில் போய் முடியும் என்பதும் எழுதிய இன்னொன்று. தொழிலாளர் எந்த வேலையில் எதைச் சுவாசிக்கிறார், அவருடைய மருத்துவப் பதிவு யாரிடம் இருக்கும், வேலையை விட்ட பிறகும் எத்தனை ஆண்டு இருக்கும் என்று சொல்லும் மூன்றாவது. வணிக ரகசியம் என்று இதில் எதையும் மறைக்க விடக் கூடாது. மூன்றும் தமிழில் இருக்க வேண்டும்.

வருகிற கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.